வளையல் ஒட்டிய சுவர்

ஊசிப்பாறைத் தோட்டத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கையில் இருக்கும் வளையல் உடைந்தால் துண்டுகளைக் கூட்டிக் குப்பையில் தள்ள மாட்டார்கள். ஒரு காலி டின்னில் போட்டு வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை காளியாயி வரும்போது கொடுப்பார்கள். இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மூன்று மைல் மேட்டில் ஏறினால் வரும் தேயிலைத் தோட்டம் அது. வேறு தோட்டங்களிலிருந்து வாழ்க்கைப்பட்டு வரும் பெண்கள் இந்த டின்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பார்கள். உடைந்த வளையலை யாராவது வீட்டுக்குள் சேர்த்து வைப்பார்களா என்று கேட்பார்கள். கேட்டவர்களுக்கு 1957ஆம் வருஷம் ஆனி மாதம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்து சொல்லாமல் விட்டதால் வந்த வினைதான் அது.

காளியாயி கொழுந்து பறிக்கிறவள். வருஷத்தில் பத்து மாதம் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு மலைக்குப் போவாள். தை பிறந்ததும் இரண்டு மாதம், தோட்டத்துச் சனங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க அவளை அனுப்புவார்கள். இந்த இரண்டும் தோட்டத்துப் புத்தகத்தில் இருக்கிற வேலை. புத்தகத்தில் இல்லாத மூன்றாவது வேலை ஒன்று அவளுக்கு இருந்தது. அது சுவர் பார்ப்பது.

ஆள் குட்டை. சுண்ணாம்பு தின்ற விரல்கள். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். தலையைச் சாய்த்துக் கேட்பாள். பிறகுதான் பாயில் உட்காருவாள், வீட்டுக்காரர்களை நலம் விசாரிப்பாள். "நம்மளவிட சுவருதான் அவளுக்கு ஒறவு" என்று சனங்கள் கேலி பேசுவார்கள். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டது கிடையாது. உறவுக்காரர்களைவிடச் சுவர் நல்லபடியாகப் பதில் சொல்லும் என்பது அவள் எண்ணம்.

இதெல்லாம் புருஷன் ஆண்டியப்பனோடு வந்தது. அவன் தோட்டத்து மேசன். ஒன்பது வருஷம் அவனுக்குச் சித்தாளாக மண் குழைத்து, கல் சுமந்து, சாரத்தில் ஏறி நின்றவள் காளியாயி. பழைய லயங்கள் எல்லாம் கல்லும் களிமண்ணுமாக வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசியவை. அவற்றில் வெடிப்பு வராத வருஷம் கிடையாது. எந்த வெடிப்புக்குப் பயப்பட வேண்டும், எதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம் என்பதில்தான் வித்தை இருக்கிறது. வலை விரித்த மாதிரி மெல்லியதாக ஓடினால் பூச்சு காய்ந்த வெடிப்பு, விட்டுவிடலாம். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போல ஏறினால் நின்று விசாரிக்க வேண்டும். கீழே அகலமாகவும் மேலே ஒடுங்கியும் இருந்தால் சுவரின் நடுப்பகுதி இறங்குகிறது. மேலே அகன்று கீழே ஒடுங்கினால் மூலை இறங்குகிறது. மூலை இறங்கினால் விளையாட்டில்லை.

ஒரு தடவை மாரியம்மன் கோயில் சுவர் வேர்த்துக்கொண்டே இருந்தது. அம்மனுக்குக் கோபம், கிடா வெட்ட வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். காளியாயி சுவரைத் தட்டிப் பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், கோயிலுக்குப் பின்னால் ஏறிப் போனாள். மேலே இருந்த வடிகால் கான் அடைபட்டு, தண்ணீர் முழுவதும் கோயில் கடைக்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. மண்வெட்டியால் கானைத் திறந்துவிட்டாள். பத்து நாளில் சுவர் காய்ந்தது. கிடா தப்பித்தது. பூசாரி ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை.

இப்படி உடனே காரணம் தெரிந்துவிட்டால் நல்லது. தெரியாதபோது சுவரைக் காவல் காக்க வேண்டும். வெடிப்பு முன்பு எப்போதோ வந்து நின்றுபோனதா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நாளுக்கு ஒரு மயிரிழை நகர்கிறதை எந்தக் கண் பார்க்கும்? அதற்கு ஆண்டியப்பன் ஒரு வழி வைத்திருந்தான். உடைந்த லாம்புச் சிம்னியில் ஒரு சில்லை எடுத்து, வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, இரண்டு நுனியையும் சுண்ணாம்பும் வெல்லப்பாகும் குழைத்து ஒட்டிவிடுவான். கண்ணாடி வளையாது, நீளாது. சுவர் ஓர் இழை நகர்ந்தாலும் பட்டென்று உடைந்துவிடும். உடையாமல் இருந்தால் சுவர் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

தோட்டத்துச் சனங்களுக்கு வோட்டுரிமை பறிபோன அதே 1949ஆம் வருஷம், காய்ச்சலில் ஆண்டியப்பனும் போய்ச் சேர்ந்தான். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வைத்துக் காளியாயியின் வளையல்களை உடைத்தார்கள். பச்சை வளையல்கள். எல்லாம் முடிந்து பெண்கள் திரும்பியபோது அவள் குனிந்து துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். துக்கம் தாங்காமல் செய்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். துக்கம் பாதி உண்மை. நல்ல கண்ணாடி வீணாகப் போகக் கூடாது என்பது மறுபாதி. சிம்னிச் சில்லைவிட வளையல் துண்டு மெல்லியது, சீக்கிரம் காட்டிக் கொடுக்கும் என்று அவளுக்கு அப்போதே தோன்றியிருந்தது.

அந்தத் துண்டுகள் தீர்ந்த பிறகு இப்றாஹிம் நானாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். சம்பள வாரம் தோறும் ஹட்டனிலிருந்து வளையல் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு லயம் லயமாக வருகிற வியாபாரி அவர். பெட்டியின் அடியில் தங்குகிற உடைசலைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அவளுக்காகவே கொண்டு வருவார். கோடு, புள்ளி எதுவும் இல்லாத வெறும் பச்சையாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்வாள். எட்டு வருஷமாக வேறு நிறத்தை அவள் சுவரில் வைத்ததில்லை. அதற்குக் காரணம் கேட்டால் சொல்ல மாட்டாள். கேட்கவும் வேண்டியதில்லை.

சொல்லாமல் இருப்பதுதான் அவளிடம் இருந்த ஒரே கோளாறு. ஆண்டியப்பனும் வாய் திறக்காத மனுஷன். சுவரிடம் என்ன கேட்டோம், அது என்ன சொன்னது என்பதெல்லாம் தனக்கும் சுவருக்கும் உள்ள விஷயம் என்று இருந்துவிட்டான். காளியாயியும் அப்படியே பழகிக்கொண்டாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1957 சித்திரையில் பத்தாம் நம்பர் லயத்தில் வெடிப்பு வந்தது. ஒரே வரிசையில் பன்னிரண்டு காம்பராக்கள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு துண்டுத் தாழ்வாரம். ஒரே கதவு. ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஓட்டை. ஒரு கோடியில் காளியாயி தனியாக இருந்தாள். மறு கோடியில் வீரம்மா, அவள் மகன் சின்னராசா, மருமகள் லெட்சுமி. லெட்சுமிக்கு அப்போது ஐந்து மாதம்.

வீரம்மாவும் காளியாயியும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிறவர்கள். ஆண்டியப்பன் செத்த பிறகு நாற்பது நாள் காளியாயி அடுப்பு மூட்டவில்லை. அந்த நாற்பது நாளும் வீரம்மா வீட்டிலிருந்துதான் சோறு வந்தது. சாப்பிடு என்று சொல்லாமல், தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள்.

அந்த வீட்டின் வெளிப்பக்கத்தில், லயம் முடிகிற கோடிச் சுவரில், வெடிப்பு ஓடியிருந்தது. கூரைத் தகரத்துக்குக் கீழே அரிசி மணி நுழைகிற அகலம். கீழே வர வர நூலாகி இடுப்பு உயரத்தில் மறைந்தது. பார்த்ததும் காளியாயிக்குத் தெரிந்துவிட்டது. மூலை இறங்குகிறது. அவள் அன்று முழுவதும் அந்த மூலையைச் சுற்றி வந்தாள். கூரைப் பீலி துருப்பிடித்து ஓட்டையாகி, மழைத் தண்ணீர் மூலையிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு தகரத் துண்டை வைத்துப் பீலியை அடைத்தாள். மூலையைச் சுற்றி ஒரு சின்னக் கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். பிறகு ஏணி வைத்து ஏறி, வெடிப்புக்குக் குறுக்கே மேலே ஒன்று, நடுவில் ஒன்று, மார்பளவில் ஒன்று என்று மூன்று பச்சைத் துண்டுகளை ஒட்டினாள்.

பார்த்துக்கொண்டு நின்ற பெண்களில் ஒருத்தி, சோலைமலை பெண்டாட்டி, அடுத்தவள் காதில் சொன்னாள். எல்லார் காதிலும் விழுகிற மாதிரியான ரகசியம்.

"தாலி அறுத்தவ, புள்ளத்தாச்சி வீட்டுச் சுவத்துல வளவி ஒட்டுறா."

வீரம்மா அவளைப் பிடித்துக் கிழித்துவிட்டாள். "ஒங்க வீட்டுத் தகரம் பறந்தன்னைக்கு யாருடி வந்து நின்னா? அப்ப தாலி தெரியலையா?" என்று தொடங்கியவள் அவளுடைய மாமியார் வரைக்கும் போய்த்தான் நின்றாள். காளியாயி ஏணியை விட்டு இறங்கி, காதில் விழாதவள் மாதிரி கையைக் கழுவினாள்.

"இது என்னத்துக்கு காளி?" என்று வீரம்மா பிறகு தனியாகக் கேட்டாள்.

"சும்மா, சுவத்தக் கேட்டுப் பாக்குறேன். யாரும் தொட வேணாம்க்கா."

அவ்வளவுதான் சொன்னாள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தியிடம் மட்டும் போய் நின்றாள். மூன்றாம் நம்பர் லயத்தில் ஒரு காம்பரா காலியாக இருந்தது. அவர் நல்ல மனுஷன், ஆனால் தொரையிடம் ஒன்றைக் கேட்பதற்கு முன்னால் இரண்டு நாள் வயிற்றுவலி வந்துவிடும்.

"ஆறு வாரம் பாப்போமுங்க. அப்பவும் சுவரு ஓடுச்சுன்னா அவங்கள மாத்திக் குடுத்துருங்க" என்றாள்.

"ஓடுதா நிக்குதான்னு நீதான் சொல்லணும் காளியாயி. ஒன் பேச்ச வச்சுத்தான் நான் தொரைகிட்டப் போவேன்" என்றார் அவர்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் சுவருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். மூன்று துண்டும் அப்படியே இருந்தன. வெடிப்பும் அகன்றதாகத் தெரியவில்லை. ஏழாம் வாரம் கணக்கப்பிள்ளையிடம் போய், "நின்னுருச்சுங்க" என்றாள். அவருக்கு வயிற்றுவலி விட்டது. மூன்றாம் நம்பர் காம்பரா வேறு குடும்பத்துக்குப் போனது.

ஆனியில் லெட்சுமிக்கு ஏழு மாதம். ஆடி பிறப்பதற்குள் வளைகாப்புப் போட வேண்டும். கோயில் மண்டபத்தில் வைப்பதா, காம்பராவிலேயே வைப்பதா என்று வீரம்மா கேட்டாள்.

"காம்பராவுலயே வைங்கக்கா. சுவரு நல்லா நிக்குது. நான் சொல்றேன்" என்றாள் காளியாயி. அதைச் சொல்லும்போது அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்று நாளாக விடாத மழை அன்று தூறலாக இறங்கியிருந்தது. பத்தடிக் காம்பராவுக்குள் இருபது இருபத்தைந்து பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆண்களைக் கோயிலடிக்கு விரட்டிவிட்டார்கள். காளியாயி உள்ளே போகவில்லை. லெட்சுமி கையைப் பிடித்து, "நீங்களும் வாங்க சின்னத்தை" என்று இழுத்துப் பார்த்தாள். "நான் அடுப்பப் பாத்துக்கிறேன் தாயி" என்று காளியாயியே விலகிக்கொண்டாள். கலியாணம், காப்பு என்றால் அடுப்படிதான் தன் இடம் என்று அவள் வைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. வருத்தமா என்றால் வருத்தம்தான். ஆனால் அடுப்புச் சூடும் அன்றைக்குத் தேவையாகத்தான் இருந்தது.

கோடிச் சுவரை ஒட்டி ஒரு தகரத்தைச் சாய்த்து, அடியில் மூன்று கல்லை வைத்து அடுப்பு கூட்டியிருந்தார்கள். மற்றச் சாதங்கள் ஆறும் கோயில் மடப்பள்ளியில் தயாராக, புளிச்சாதம் மட்டும் இங்கே கிளறவேண்டும். இப்றாஹிம் நானாவும் அங்கே குந்தியிருந்தார். வளையல்களை உள்ளே கொடுத்தனுப்பிவிட்டு, மிச்சம் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தார். அவர் கையில் ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி. உள்ளே நலுங்குப் பாட்டு தொடங்கியது. சாரல் அடித்து விளக்கு அணைந்துவிடும் என்று யாரோ கதவைச் சாத்தினார்கள்.

நானா அண்ணாந்து சுவரைப் பார்த்தார்.

"நம்ம சரக்கு ஒங்க சுவத்துலயும் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. பொன்கோடு மின்னுது பாருங்க."

"பொன்கோடா? நான் ஒட்டுனது வெறும் பச்சை நானா."

"இல்லையே. அந்த நடுவுல இருக்கிறது பொன்கோடு போட்ட பச்சை. போன மாசம்தானே கண்டியில எடுத்தேன். இந்தத் தோட்டத்துல நல்லாப் போச்சு."

காளியாயி கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள். அவள் ஒட்டியது சித்திரையில். போன மாதம் வந்த வளையல் அங்கே எப்படி வந்தது? விறகு பிளக்கிற கட்டையை உருட்டிப் போட்டு ஏறி நின்றாள். நடுத் துண்டை நகத்தால் நெம்பினாள். அவளுடைய வெல்லச் சுண்ணாம்பு என்றால் உளி வேண்டும். இது கோதுமை மாப் பசை மாதிரி குழைந்து கையோடு வந்தது. வெடிப்பின் மேல் பூசியிருந்த சாணியும் களிமண்ணும் உதிர்ந்தது. அதற்குள் அவள் சுண்டுவிரலை விட்டாள். இரண்டாவது கணு வரை போனது.

சித்திரையில் அரிசி மணி நுழைந்த வெடிப்பு அது.

அவள் காதைச் சுவரில் வைத்தாள். உள்ளே எங்கோ மணல் சொரிகிற மாதிரி மெல்லிய சத்தம். மூன்று நாள் மழையில் ஊறிய சுவருக்குள்ளிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் அவள் எதையும் பார்க்கவில்லை. இஸ்தோப்புக்கு ஓடிக் கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. மூலை இறங்கியதில் நிலை நெரிந்து கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. பத்து நாளைக்கு முன்னால் சின்னராசா கதவின் மேல்பக்கத்தை இழைத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று அவன் சொல்லியிருந்தான். எந்தச் சுவரானாலும் கதவு இறுக்கிப் பிடிக்கிறதா என்று வீட்டுக்காரர்களிடம் முதலில் கேட்கிற காளியாயி, அன்றைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். வளையல் துண்டுகள் நல்ல சேதி சொல்லிக்கொண்டிருக்கும்போது கதவை எதற்குக் கேட்க வேண்டும்?

கதவை இடிக்கக் கூடாது. இடித்தால் சுவர் அந்த அதிர்ச்சிக்கே வந்துவிடும். உள்ளே பாட்டுச் சத்தத்தில் அவள் தட்டியது யாருக்கும் கேட்கவும் இல்லை.

"நானா, அந்த அலவாங்க எடுங்க."

இரும்புக் கம்பியின் தட்டை நுனியைக் கதவுக்கு அடியில் கொடுத்து, மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினாள். கீல் முளையை விட்டுக் கதவு மேலே எழும்பியது. நானா அதை அணைத்துத் தூக்கி ஒருபக்கமாகச் சாய்த்தார். பெண்கள் கூடியிருக்கிற இடம் என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே தூக்கினார். அந்த நிலைமையிலும் அந்த மனுஷனுக்கு அது மறக்கவில்லை.

பாட்டு நின்றது. கதவு இருந்த இடத்தில், நெற்றி வெறுமையாக, கையில் அலவாங்கோடு காளியாயி நின்றாள். மணைமேல் லெட்சுமி, கன்னமெல்லாம் சந்தனம், முழங்கை வரை வளையல். அவள் முதுகு கோடிச் சுவரைப் பார்த்து இருந்தது. யாரோ "என்னாடி இது" என்று முனகினார்கள்.

சுவர் விழப்போகிறது என்று சொன்னால் இருபத்தைந்து பேரும் ஒரே கதவுக்குப் பாய்வார்கள். லெட்சுமி மிதிபட்டுப் போவாள். காளியாயிக்கு அது தெரிந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"புள்ளைக்கு மூச்சு முட்டுது. பாட்ட நிறுத்தாதீங்க. பாடிக்கிட்டே ஒவ்வொருத்தரா வெளிய வாங்க. சுவத்துல யாரும் சாயாதீங்க."

"நடுவுல எந்திரிக்கலாமா, நல்ல காரியம்" என்று ஒரு குரல் கேட்டது.

காளியாயி வீரம்மாவைப் பார்த்து உள்ளங்கையை விரித்தாள். பொன்கோடு போட்ட பச்சைத் துண்டு. வீரம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவளுக்கு என்ன புரிந்ததோ, எழுந்துவிட்டாள்.

"காளி சொல்றபடி செய்ங்கடி. பாடுங்க" என்று தானே பாட்டை எடுத்தாள்.

காளியாயி உள்ளே போய் லெட்சுமியை இடுப்பில் கை கொடுத்து எழுப்பி முதலில் வெளியே கொண்டுவந்தாள். பின்னால் ஒவ்வொருத்தியாக, பாட்டுப் பாடிக்கொண்டு, தூறலில் நனைந்துகொண்டு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு நடந்தார்கள். பெட்டி, தட்டு, குத்துவிளக்கு எல்லாம் கூடவே வந்தன. கடைசியாக வெளியே வந்தவள் வீரம்மா. அவர்கள் மடுவத்தின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கி, பாட்டில் இன்னும் ஓர் அடி மீதி இருந்தபோது, கோடிச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்து மொத்தமாக உட்கார்ந்தது. கூரைத் தகரமும் ஒரு மரமும் லெட்சுமி உட்கார்ந்திருந்த மணைமேல் விழுந்தன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஏழு வகைச் சோற்றில் புளிச்சாதம் மட்டும் மண்ணுக்குள் போனது.

மறுநாள் மூலையைத் தோண்டியபோதுதான் முழு நோயும் தெரிந்தது. அந்தக் காலத்தில் காட்டை வெட்டி லயம் கட்டியவர்கள் ஒரு பெரிய மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்காமல் அதன்மேலேயே கடைக்கால் போட்டிருந்தார்கள். ஐம்பது அறுபது வருஷம் தாங்கிய கட்டை, உள்ளே செல்லரித்துக் கூடாகிவிட்டது. காளியாயி வெட்டிய கானும் அடைத்த பீலியும் மேல் வைத்தியம்தான். தொரை வந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டு, பத்தாம் நம்பர் லயத்தைச் சுற்றி மற்ற மூலைகளையும் தோண்டச் சொன்னார். கணக்கப்பிள்ளைக்கு அந்தத் தடவை வயிற்றுவலி வரவில்லை. அவரே முன்னால் நின்று தோண்டினார்.

அது மறுநாள். சுவர் விழுந்த அன்றைக்கு எல்லாரும் மடுவத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். லெட்சுமி அழுதுகொண்டிருந்தாள். காளியாயி ஈரத் தரையில் உட்கார்ந்து, கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தன தடவ மாத்துனீங்கக்கா?"

வீரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் நாலு. மத்தவளுகளும் மாத்துனாளுக. மொத்தம் பதினொன்னு இருக்கும். நீ ஞாயித்துக்கிழம வந்து பாக்குறதுக்கு முன்னால, முறை வச்சுப் பாத்துக்கிட்டோம்."

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"எப்பிடிச் சொல்வேன்? நீ ஒட்டுன வளவி காளி. புள்ளத்தாச்சி வீட்டுச் சுவத்துல. ரெண்டாம் வாரமே உடைஞ்சு கெடக்குது. காளி கைபட்டு வளவி உடைஞ்சுதுன்னு ஒரு வாய் பேசுனா, மறுநாள் தோட்டமே பேசும். ஒனக்கு அப்பிடி ஒரு சொல்லு வந்துரக் கூடாதுன்னுதான் என் வளவிய ஒடிச்சு ஒட்டி, வெடிப்புலயும் சாணி மண்ணு பூசி விட்டேன்."

முதல் நாள் ரகசியம் பேசிய சோலைமலை பெண்டாட்டி வீரம்மாவின் பின்னாலிருந்து மெல்ல வாயைத் திறந்தாள். "அந்தப் பொன்கோடு என்னோடது" என்றாள். "ரெண்டு தடவ நானும் ஒட்டுனேன். நான் பேசுனது தப்புன்னு பட்டுச்சு."

காளியாயிக்குக் கோபம் பொங்கி வந்தது. "என்னைய நாலு பேரு பேசுனா கேக்காத மாதிரி போவேன். எட்டு வருசமாப் போய்க்கிட்டுத்தானே இருக்கேன். இந்தப் புள்ள மேல சுவரு விழுந்திருந்தா நான் எங்கக்கா போவேன்? காம்பராவுலயே வைங்கன்னு சொன்னவ நான்தானே" என்று கத்தினாள். கத்திக்கொண்டே இருக்கும்போது குரல் உடைந்துவிட்டது. புருஷன் செத்த அன்றைக்குக்கூட அவள் நாலு பேர் பார்க்க அழவில்லை. இப்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பதினொரு வளையல். ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தி நல்ல வளையலைத் தன் கையால் ஒடித்து, பனியில் ஏணி ஏறி, அவளுக்காக ஒட்டியது. அவர்கள் செய்ததை எண்ணி அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது. அவர்களைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எம்மேலயும் தப்புதான். உடைஞ்சா சுவரு நகருதுன்னு அர்த்தம். உடையத்தான் அத ஒட்டுறது. அத ஒரு வார்த்தை ஒங்ககிட்ட நான் சொல்லல."

"உடையத்தான் ஒட்டுறதா?" என்று வீரம்மா வாயைப் பிளந்தாள். அப்படி ஒரு சங்கதி இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. "அடிப்பாவி, இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று அவளுக்கும் கோபம் வந்தது. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் சிரித்தது லெட்சுமி. அழுத கண்ணோடு சிரித்தாள். அதற்குப் பிறகு மடுவமே சிரித்தது. வெளியே மழையில் நின்ற இப்றாஹிம் நானா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டார்.

நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. பாதியில் நின்ற வளைகாப்பை அங்கேயே முடித்துவிடலாம் என்றார்கள். கொழுந்துச் சாக்கை மடித்துப் போட்டு லெட்சுமியை உட்கார வைத்தார்கள். காளியாயி வழக்கம் போல எழுந்து ஓரமாக நகர்ந்தாள். அங்கே மூட்டுவதற்கு அடுப்பும் இல்லை.

"சின்னத்தை" என்று கூப்பிட்டாள் லெட்சுமி. இடது கையை நீட்டினாள். அந்தக் கையில் மணிக்கட்டில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

காளியாயி வீரம்மாவைப் பார்த்தாள். வீரம்மா நானாவின் பெட்டியில் துழாவிக்கொண்டிருந்தாள். அடியிலிருந்து ஒரு வெறும் பச்சை வளையலைத் தேடி எடுத்து, காளியாயி கையில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டாள். நாற்பது நாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தது போலவே உட்கார்ந்தாள். இனி எழுந்திருக்க மாட்டாள்.

சோலைமலை பெண்டாட்டி நகர்ந்து இடம் விட்டாள். யாரும் முனகவில்லை.

முழு வளையலைக் கையில் பிடித்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. காளியாயி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் காதோடு வைத்துக் கேட்டாள். இருபத்தைந்து பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கீறல் இல்ல" என்றாள். பிறகு சுண்ணாம்பு தின்ற விரல்களால் லெட்சுமியின் கையைக் குவித்து, வளையலை மெதுவாக ஏற்றிவிட்டாள்.